டச் பே கடற்கரைப் பிள்ளைகள் வகுப்பு: அனுப்பலாமா?

திருகோணமலை டவுனுக்குள் சின்னப் பிள்ளைகளுக்கு, அதாவது தரம் 1 முதல் 5 வரை உள்ளவர்களுக்கு மட்டும், உடற்பயிற்சி வகுப்பு ஒன்று நடக்கிறது, டச் பே கடற்கரையில். பெயர்ப்பலகை இல்லை, முகநூல் பக்கம் இல்லை, விளம்பரமும் இல்லை, "கடற்கரை வகுப்பு" என்று கேட்டால் அங்கே கச்சான் விற்கிறவர்களே கை காட்டுவார்கள். என்னுடைய இரண்டு பேரும் போகிறார்கள், மகள் தரம் 4, மகன் தரம் 2. பாடசாலை வாசலில் பிள்ளையை ஏற்ற நிற்கும்போது ஆளுக்கொரு கேள்வி கேட்கிறார்கள், வெயிலில் நின்று அரைகுறையாகப் பதில் சொல்வதைவிட இருந்து ஒழுங்காக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முடிவை முதலே சொல்கிறேன். அனுப்புங்கள். குறைகள் இருக்கின்றன, சில பெரிய குறைகள், அவற்றையும் எழுதுகிறேன். ஆனால் ஓட்டத்தில் எப்போதும் கடைசியாக வருகிற பிள்ளைக்கு இவ்வளவு கவனம் கொடுக்கிற வேறு இடம் டவுனில் எனக்குத் தெரியாது.

எங்கள் பிள்ளைகளின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். காலையில் வானிலோ ஓட்டோவிலோ பாடசாலை வாசல்வரை, ஒன்றரைக்கு அதே வானில் வீடு, சாப்பாடு, மூன்று மணிக்கு ரியூசன், வந்து வீட்டுப்பாடம், பிறகு போன். நடந்தது எவ்வளவு என்று கூட்டினால் வாசலில் இருந்து வான் வரைக்கும்தான். ஒழுங்கையில் விளையாடலாம் என்றால் பைக் போகிற வேகத்துக்கு நாங்களே விடமாட்டோம். எங்கள் ஒழுங்கையில் ஒரு காலத்தில் பின்னேரமானால் கிளித்தட்டுக்குக் கோடு கீறியிருக்கும், பெண்பிள்ளைகள் ஒரு பக்கம் எட்டுக்கோடு கெந்துவார்கள், இன்றைக்கு ஒவ்வொரு வளவுக்கும் தலை உயர மதில். சுடுகிற கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, வீசுகிற மாதங்களில் நாலு மணிவரை வெளியே தலை காட்டவும் முடியாது. புலமைப்பரிசில் பரீட்சை தரம் 5 இல் என்றாலும் அதற்கான வகுப்பு தரம் 3 இலேயே தொடங்கிவிடுகிறது, சில இடங்களில் அதற்கும் முன்.

பாடசாலையில் விளையாட்டு இல்லையா என்று கேட்கலாம். சுகாதாரமும் உடற்கல்வியும் என்று தனிப் பாடமாக வருவது தரம் 6 இல். ஆரம்பப் பிரிவில் உடல் அசைவுக்கு இடம் இருக்கிறது, ஆனால் அது எவ்வளவு நடக்கிறது என்பது வகுப்பு ஆசிரியரின் மனசையும் மைதானத்தையும் பொறுத்தது. அப்புறம் இல்ல விளையாட்டுப் போட்டி. தெரிவு ஓட்டம் வைப்பார்கள், முன்னுக்கு வருகிற நாலைந்து பேருக்குக் கிழமைக்கணக்கில் பயிற்சி நடக்கும், மற்றவர்கள் இல்லத்தின் நிறத்தில் ரிபன் கட்டிக்கொண்டு கூடாரத்துக்குள் இருந்து கைதட்டுவார்கள். ஓடக்கூடிய பிள்ளைக்கு மேலும் ஓட்டம், ஓட முடியாத பிள்ளைக்கு நிழலில் கதிரை. இது எந்த ஒரு பாடசாலையின் குற்றமும் இல்லை, எல்லா இடமும் இப்படித்தான். ஆனாலும் எனக்கு இது கோபம் வருகிற விசயம், ஏனென்றால் மருந்து யாருக்குத் தேவையோ அவருக்கு மட்டும் கொடுக்காமல் விடுகிறோம்.

கடற்கரை வகுப்பை நடத்துகிறவர் ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர். எல்லாருக்கும் "சேர்", அவ்வளவுதான். கூட ஓர் இளம் பயிற்றுநர், பிள்ளைகள் "மிஸ்" என்பார்கள், நாங்கள் தங்கச்சி என்போம். செவ்வாய், வியாழன் பின்னேரம் 4.45 முதல் 6.00 வரை, சனி காலை 6.30 முதல் 7.45 வரை.

சேர்க்கிற அன்று என்ன செய்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இந்த வகுப்பின் தரம் அதில்தான் தெரிகிறது. மகன் ஓட்டப் போட்டி என்று நினைத்துப் புதுச் சப்பாத்தோடு வந்தான். சேர் சப்பாத்தைக் கழற்றச் சொல்லிவிட்டு, "குந்துங்கோ பாப்பம்" என்றார். குதிகால் மண்ணில் பட, கையை முன்னுக்கு நீட்டி. இவன் பாதி இறங்கினான், குதிகால் எழும்பியது, இறங்கப் பார்த்தான், மல்லாக்க விழுந்தான். அன்று புதிதாக வந்த பிள்ளைகளில் பாதிப்பேர் அப்படித்தான் விழுந்தார்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு சேர் சொன்னார், "பயப்பட வேண்டாம் தங்கச்சி. வீட்டில கதிரை, வகுப்பில கதிரை, வானில சீட், கக்கூசும் கொமட். குந்திறதுக்குப் பிள்ளைக்கு எங்க இடம் கிடக்கு? காலில ஒரு வருத்தமும் இல்லை, பழக்கம்தான் இல்லை."

அதற்குப் பிறகு ஒற்றைக் காலில் கெந்துதல், முதலில் வலது, பிறகு இடது. பிறகு இரும்புக் கம்பியில் தொங்குதல், எத்தனை செக்கன் கை தாங்குகிறது என்று. நின்ற இடத்தில் இருந்து இரண்டு காலையும் சேர்த்துப் பாய்தல், அளவு நாடா வைத்து அளக்கிறார்கள். காலை நீட்டி இருந்து விரல் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பார்க்க ஒரு மரப்பெட்டி, அதில் சென்ரிமீற்றர் கோடு போட்டிருக்கிறார்கள். கடைசியாகத்தான் ஓட்டம், அதுவும் மணலில் வைப்பதில்லை, மேலே இருக்கிற சீமெந்துத் தரையில். 20 மீற்றர் இடைவெளியில் இரண்டு கோடு, ஸ்பீக்கரில் ஒரு "பீப்" சத்தம், அடுத்த பீப்புக்கு முன் மற்றக் கோட்டைத் தொட வேண்டும். மணிக்கு 8.5 கிலோமீற்றர் வேகத்தில் தொடங்கி நிமிடத்துக்கு அரைக் கிலோமீற்றர் கூடிக்கொண்டு போகும். பிடிக்க முடியாத இடத்தில் பிள்ளை தானாக நின்றுவிடும்.

இது இவர்கள் கண்டுபிடித்த விளையாட்டு இல்லை. கனடாவில் மொன்றியல் பல்கலைக்கழகத்து லூக் லெஜே என்பவர் 1980களில் கொண்டுவந்த சோதனை, பிள்ளைகளின் இதயமும் நுரையீரலும் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்று பார்க்க உலகம் முழுக்கப் பாவிக்கிறார்கள். இதே 20 மீற்றர் ஓட்டத்தின் முடிவுகளை 1981 முதல் 2014 வரை 19 நாடுகளில் இருந்து, ஏறத்தாழப் பத்து இலட்சம் பிள்ளைகளுடையதைத் திரட்டிப் பார்த்து 2019 இல் ஓர் ஆய்வு வந்தது. அந்த முப்பது சொச்சம் வருசத்தில் பிள்ளைகளின் தாக்குப்பிடிக்கும் சக்தி 7 வீதத்துக்குச் சற்று மேல் இறங்கியிருக்கிறது. 2000 ஆம் ஆண்டுக்குப் பிறகு மொத்தத்தில் இறக்கம் நின்றுவிட்டது, ஆனால் இழந்தது திரும்பி வரவில்லை. அவை எல்லாம் எங்களைவிட வசதியான நாடுகள். ஜப்பானில் 1964 முதல் ஒவ்வொரு வருசமும் உடற்திறனை அளந்து எழுதி வைக்கிறார்கள், அதனால்தான் அவர்களுக்குத் தங்கள் பிள்ளைகள் 1985 அளவில் உச்சத்தில் இருந்து பிறகு இறங்கியது தெரியும். எங்கள் பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் தரம் 1 இலும் 4 இலும் உயரம், நிறை, கண், பல் எல்லாம் பார்க்கிறார்கள், மிக நல்ல வேலை, அதோடு இந்தப் பாய்ச்சலையும் ஓட்டத்தையும் சேர்த்துவிட்டால் எவ்வளவு நல்லது என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். அளவு நாடாவும் ஒரு போனும் போதும்.

எனக்கு இந்த வகுப்பில் மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த விசயம். எல்லா முடிவுகளையும் ஒரு சிஆர் கொப்பியில் எழுதுகிறார்கள், பிள்ளைக்கு ஒரு பக்கம். யாருடைய பக்கத்தையும் மற்றவருக்குக் காட்டுவதில்லை. முதலாம் இரண்டாம் இடம் கிடையாது, பதக்கம் கிடையாது. தவணைக்கு ஒருமுறை திரும்ப அளந்து, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதிய எண்ணை எழுதிப் பிள்ளையையே வாசிக்கச் சொல்கிறார்கள். மகனின் பாய்ச்சல் 84 சென்ரிமீற்றரில் இருந்து 101 க்கு வந்திருக்கிறது. அவனுடைய வயதுக்கு அது பெரிய பாய்ச்சல் இல்லை. ஆனால் அந்த 101 ஐ வீட்டுச் சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறான், அழிக்க விடுகிறானில்லை.

நிறை மட்டும் பார்ப்பதில்லை. தராசே இல்லை. அயலில் உள்ள அக்கா ஒருவர் மகளை மெலிய வைக்கத்தான் கொண்டுவந்தார், சேர் மரியாதையாகச் சொல்லிவிட்டார், "அது நம்மட வேலை இல்லை அம்மா, பிள்ளை சந்தோசமா ஓடினாக் காணும்." இதைப் பல பெற்றோர் புரிந்துகொள்ள வேண்டும், முக்கியமாக மெலிந்த பிள்ளைகளின் பெற்றோர். குண்டுப் பிள்ளைக்குத்தான் உடற்பயிற்சி, ஒல்லிப் பிள்ளை சும்மாவே சுகமாக இருக்கும் என்பது எங்கள் ஊரில் ஊறிப்போன எண்ணம். என் மகன் ஒல்லி. அன்று சேர்ந்த பிள்ளைகளில் கம்பியில் குறைந்த நேரம் தொங்கியதும் அவன்தான், அவனைவிட இரண்டு மடங்கு நிறையுள்ள ஒரு பெடியன் அவனைவிடக் கூட நேரம் தொங்கினான். எல்லாரையும்விடக் கூட நேரம் தொங்கியது யார் என்றால் அந்தக் கரையோரத்து மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களிடம் சேர் காசு வாங்குவதில்லை. தோணி தள்ளுகிற இடத்தில் வளர்கிற பிள்ளைக்கு வகுப்பு எதற்கு என்று ஒருவர் கேட்டதற்கு, "அவங்களைப் பார்த்துத்தான் மற்றதுகள் பழகுது" என்றார்.

வகுப்பு நேரத்தில் என்ன நடக்கிறது? முதல் பத்து நிமிடம் நண்டு நடை, தவளைப் பாய்ச்சல், ஒற்றைக் கால் நிற்றல். பிறகு ஒரு பெரிய விளையாட்டு, அநேகமாகக் கிளித்தட்டு. இதை இவர்கள் தெரிந்தெடுத்த காரணம் எனக்குப் பார்க்கப் பார்க்கத்தான் புரிந்தது. நடுக்கோட்டில் கிளி ஓடித்திரிய, குறுக்குக் கோடுகளில் மறிக்கிறவர்கள் நிற்க, பிள்ளை பாய்ந்து, நின்று, ஏமாற்றித் திரும்பி, மறுபடி பாய்ந்து ஓடுகிறது. அந்த பீப் ஓட்டத்தில் கேட்பதும் ஏறத்தாழ இதைத்தான். ஓடு என்று சொன்னால் இரண்டு சுற்றில் "விலா பிடிக்குது" என்று இருந்துவிடுகிற என் மகள் கிளித்தட்டில் அரை மணித்தியாலம் ஓடுகிறாள், ஓடுகிறோம் என்ற எண்ணமே இல்லாமல். தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் எல்லாரும் கலந்துதான் விளையாடுகிறார்கள், எண்ணும்போது ஒரு முறை தமிழில், அடுத்த முறை "எக்காய் தெக்காய்" என்று போகும். சில நாள் கோட்டையில் இருந்து மான்கள் இறங்கி வந்து கோட்டுக்கு நடுவில் நின்றுவிடும், அவை தானாகப் போகும்வரை ஆட்டம் நிற்கும், பிள்ளைகள் கத்தாமல் இருக்கிற ஒரே நேரம் அது.

தங்கச்சி கயிறடிக்கப் பழக்குகிற விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கடையில் விற்கிற கயிறு எல்லாம் பெரிய ஆட்களின் நீளம், பிள்ளைக்குக் காலில் சிக்கி இரண்டு நாளில் மூலையில் கிடக்கும். அவள் பிள்ளையைக் கயிற்றின் நடுவில் மிதிக்க வைத்து இரண்டு பிடியையும் மேலே இழுத்துப் பார்க்கிறாள், பிடி கமக்கட்டு அளவில் நிற்க வேண்டும், மிச்சத்தை முடிச்சுப் போட்டுக் குறைத்துவிடுகிறாள். பிறகு கயிற்றைக் காலுக்குக் கொண்டுவருவதே இல்லை. இரண்டு பிடியையும் ஒரே கையில் பிடித்துப் பக்கத்தில் சுற்றச் சொல்கிறாள், கயிறு நிலத்தில் படுகிற சத்தத்துக்குக் குதிக்கச் சொல்கிறாள். சத்தமும் குதிப்பும் ஒன்றான பிறகுதான் கயிறு காலுக்கடியில் வரும். மகனுக்குக் கயிறடிக்கவே வராது என்று நான் முடிவு கட்டியிருந்த நேரத்தில் அவள் பொறுமையாக நின்றாள், இப்போது தொடர்ந்து அடிக்கிறான்.

வகுப்பு முடிந்த கையோடு சோடா குடிக்க விடுவதில்லை, தண்ணீர்தான். காரணத்தையும் பிள்ளைகளையே வாசிக்க வைத்தார்கள். 2016 முதல் எங்கள் நாட்டில் இனிப்புப் பானப் போத்தல்களில் நிற அடையாளம் இருக்கிறதல்லவா, 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. வெறும் போத்தல்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து சேர் கணக்குப் பண்ணச் சொன்னார். சிவப்பு வட்டம் போட்ட 400 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் 44 கிராமுக்குக் குறையாமல் சீனி, அதாவது பதினொரு தேக்கரண்டி. பதினொரு கரண்டி சீனியை ஒரு கிளாசில் போட்டும் காட்டினார். அன்று முதல் மகள் கடையில் வட்டத்தைப் பார்த்துத்தான் போத்தலை எடுக்கிறாள்.

சரி, குறைகள்.

முதலாவது, மலசலகூடம் இல்லை. பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் கேட்டுத்தான் போக வேண்டும், கடை பூட்டியிருந்தால் வீட்டுக்கு ஓட வேண்டும். சின்னப் பிள்ளைகள் வருகிற இடத்துக்கு இது சரியில்லை, பெண்பிள்ளைகள் சிலர் இதற்காகவே தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள், இந்த வெக்கையில் அது நல்லதல்ல.

இரண்டாவது, மழைக்காலம். ஐப்பசி பிந்திய பாதியில் தொடங்கி மார்கழி வரை வாடைக்காற்றும் மழையும் வந்தால் டச் பேயில் அலை மேலே ஏறி மணலைத் தின்றுவிடும், வகுப்பு நடத்த முடியாது. அது யாருடைய பிழையும் இல்லை. ஆனால் நாலரைக்கு வாட்ஸ்அப்பில் "இன்று இல்லை" என்று போடுகிறார்கள், நான் அப்போது பிள்ளைகளோடு பாதி வழியில் நிற்பேன். வகுப்பு அதிகம் நடக்காத மாதத்துக்கும் முழுக் காசு வாங்கினார்கள், கேட்டதற்கு நேரான பதில் வரவில்லை. இதைத் திருத்த வேண்டும்.

மூன்றாவது, பிள்ளைகளின் தொகை. சனிக்கிழமைகளில் முப்பதைத் தாண்டிவிடுகிறது, பார்க்கிறவர்கள் இரண்டு பேர். கடல் பக்கத்திலேயே இருக்கிறது. தண்ணீர்ப் பக்கம் கயிறு கட்டி எல்லை போட்டிருக்கிறார்கள், ஒருவரும் தாண்டுவதில்லை, உண்மைதான், ஆனாலும் இன்னும் ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். முட்டு வருத்தம் (ஆஸ்துமா) உள்ள பிள்ளைகளின் இன்ஹேலர் தங்கச்சியின் பைக்குள் இருக்கிறது, அவள் வராத நாளில் யாரிடம் இருக்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ரீசேட் கட்டாயம் என்று 1,800 ரூபா வாங்குவதும் எனக்குப் பிடிக்கவில்லை, வீட்டில் கிடக்கிற ஏதாவது பழையதைப் போட்டு வந்தால் ஓட முடியாதா?

அடுத்தது வகுப்பின் குறை இல்லை, எங்களுடையது. தரம் 5 வந்ததும் பெண்பிள்ளைகள் ஒவ்வொருவராக நிற்கிறார்கள். பரீட்சை என்கிறார்கள், "பெரிய பிள்ளை ஆகப்போகிறாள்" என்கிறார்கள். ஆண்பிள்ளைகளும் பரீட்சைக்கு நிற்கிறார்கள், ஆனால் பரீட்சை முடிந்ததும் அவர்கள் மைதானத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள், பெண்பிள்ளைகள் வருவதில்லை. 11 முதல் 17 வயது வரையான பிள்ளைகளில் போதிய அளவு உடலை அசைக்காதவர்கள் உலகளவில் ஆண்களில் 78 வீதம், பெண்களில் 85 வீதம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2019 ஆம் ஆண்டு ஆய்வு சொன்னது. அந்த இடைவெளி தொடங்குகிற வயதை நான் டச் பேயில் நேரே பார்க்கிறேன். என் மகளை நான் நிறுத்தப் போவதில்லை, இன்னும் இரண்டு தாய்மாரிடம் பேசி வைத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் கணக்குப் பார்த்து அனுப்புங்கள். 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளை சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும், கிழமையில் மூன்று நாளாவது எலும்பும் தசையும் பலப்படுகிற மாதிரி பாய்தல், ஏறுதல், தொங்குதல் வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கிழமைக்கு 420 நிமிடம். இந்த வகுப்பு மூன்று நாளும் முழுசாக நடந்தால் 225 நிமிடம், பாதிக்குச் சற்று மேல். மிச்சத்தை வீட்டில்தான் தேட வேண்டும். நாங்கள் சனி வகுப்பு முடிந்ததும் கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயில் வரைக்கும் ஏறி இறங்குகிறோம். மற்ற நாளில் கடைக்குப் போவதென்றால் பைக்கை எடுப்பதில்லை. காசு கட்டிவிட்டோம், இனி அவர்கள் பார்ப்பார்கள் என்று மதிலில் இருந்து போன் பார்க்கிற பெற்றோரைச் சேர் ஒரு நாள் எழுப்பி, வகுப்பு முடியும்வரை கரையோரம் நடக்க வைத்தார், நான் உட்பட. நல்ல வேலை செய்தார்.

நீச்சலும் பழக்குவார்களா என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. கடல் சூழ்ந்த ஊரில் நீந்தத் தெரியாத பிள்ளைகள் இவ்வளவு பேர் இருப்பது பெரிய கவலை, ஆனால் இரண்டு பேரும் ஒரு கயிறும் வைத்துக்கொண்டு கடலில் இறக்காமல் விடுவதுதான் சரி.

காசு விபரம்: மாதம் 2,500 ரூபா, இரண்டாவது பிள்ளைக்கு 1,500. முதல் கிழமை இலவசம், பிள்ளைக்குப் பிடித்த பிறகு கட்டினால் போதும். தண்ணீர்ப் போத்தலும் ஒரு துவாயும் கொண்டுபோங்கள், சப்பாத்து தேவையில்லை, சீமெந்தில் ஓடுகிற நாளை முதலே சொல்வார்கள். வகுப்புக்கு முன் மணலில் போத்தல் ஓடு கிடக்கிறதா என்று அவர்கள் கூட்டிப் பார்க்கிறார்கள், நேரத்துக்கு வந்தால் நீங்களும் கை கொடுக்கலாம். மழை தொடங்குமுன் டவுனுக்குள் ஒரு மண்டபத்தைப் பின்னேரங்களில் தரச் சொல்லி நாங்கள் சில பெற்றோர் கடிதம் எழுதுகிறோம், மலசலகூடமும் அதோடு சரியாகிவிடும். கையெழுத்துப் போட விருப்பமானவர்கள் சனிக்கிழமை காலை ஆறரைக்கு வாருங்கள், கையெழுத்துக் கொப்பி என்னிடம்தான் இருக்கும்.